1815-இல் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது?

2025 செப்ரெம்பர் மாதம் நல்லூர் மந்திரிமனையின் ஒரு பகுதி மழைக்கு இடிந்து விழுந்தது. அந்தக் கிழமை எங்கள் தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தமிழ்ப் பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளில் எல்லாம் அந்தப் படம்தான். வாகனங்களுக்கான பிளாஸ்ரிக் உதிரிப்பாகங்கள் வார்க்கும் இடம் அது. நான் ஒரு காலத்தில் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பித்தவன் என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். அதனால் 'சேர்' என்ற பட்டம் இன்னும் என்னில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்காபரோவிலேயே பிறந்த ஒரு தம்பி கேட்டான்: "சேர், ராசாவின்ர மந்திரி இருந்த வீடு எண்டு சொல்லுறியள். அப்ப ஏன் ஒருத்தரும் காப்பாத்தேல்லை? இஞ்ச ஒரு பழைய வங்கிக் கட்டடத்தை இடிக்கப் போனாலே சனம் கூட்டம் போட்டுச் சண்டை பிடிக்குதே?"

"யுத்தம்" என்று சொன்னேன். சொன்ன உடனேயே அது அரைகுறையான பதில் என்பது எனக்கே தெரிந்தது. யுத்தம் 2009-இல் முடிந்தது. கட்டடம் விழுந்தது அதற்குப் பதினாறு வருடங்களின் பின்னர். மீதிப் பதிலை அரை மணித்தியால இடைவேளைக்குள் சொல்ல முடியவில்லை. இக்கட்டுரை அந்த மீதிப் பதில். அந்தத் தம்பி தமிழ் வாசிக்கமாட்டான் என்பதனால் அவனுடைய தாய் தகப்பனுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

1. ராசாவின் பெயரால்

மந்திரிமனை பருத்தித்துறை வீதியில், சட்டநாதர் கோயிலுக்கு அண்மையில் உள்ளது. யாழ்ப்பாண இராச்சியத்தின் மந்திரி வாழ்ந்த இடம் அது என்பது ஊர் வழக்கு. இராச்சியம் 1619-இல் போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்தது. ஆனால் இன்று நாம் பார்க்கும் கட்டடத்தின் வளைவு முகப்பும் தூண்களும் ஐரோப்பியர் ஆட்சியில் வளர்ந்த வீட்டுப் பாணியைச் சேர்ந்தவை. நிலம் பழைய நிலமாக இருக்கலாம். மேலே நிற்பது பிற்பட்டது. சங்கிலித்தோப்பு வளைவின் கதையும் பெரும்பாலும் இதுவே. ஒல்லாந்தர் காலத்து வீட்டு வாசல் ஒன்று சங்கிலியன் அரண்மனை வாசலாக எங்கள் கலண்டர்களில் தொங்குகிறது.

இதைச் சொன்னால் எங்களவர்களுக்குக் கோபம் வருகிறது. நல்லூரின் பழைய கோயிலை இடித்தவன் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேறா. அவனை விட்டுவிட்டு, வளைவின் காலத்தைச் சொல்லுகிறவனைத் துரோகி என்கிறோம். இந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ராசாவின் பெயர் ஒட்டினால்தான் ஒரு கட்டடம் காக்கத் தகுந்தது, ஒட்டாவிட்டால் அது வெறும் பழைய வீடு என்ற நம்பிக்கை. எங்கள் மரபுரிமை பற்றிய சிந்தனையின் முதற் கோளாறு இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

யாழ்ப்பாணக் கோட்டையை எடுத்துக்கொள்வோம். போர்த்துக்கேயர் தொடங்கியது. 1658-இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோண வடிவில் திருப்பிக் கட்டியது. உள்ளே 1706-இல் சிலுவை வடிவில் எழுப்பிய தேவாலயம் ஒன்று இருந்தது. 1990 முற்றுகையிலும் அதன் பின்னான இடிப்பிலும் தேவாலயம் அழிந்தது, மதில்களும் சிதைந்தன. "அந்நியன் கட்டினது, போகட்டும்" என்று அன்று சொன்னவர்களில் படித்தவர்களும் இருந்தார்கள். யுத்தம் முடிந்த பின்னர் நெதர்லாந்தின் நிதியுதவியுடன் கோட்டை திருத்தப்பட்டது. யாழ் பல்கலைக்கழகத் தொல்லியலாளரும் பிரித்தானியாவின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தவரும் அங்கே அகழ்ந்தபோது, ஐரோப்பியர் காலடி வைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அவ்விடத்தில் மக்கள் இருந்ததையும் கடல் வணிகம் நடந்ததையும் காட்டும் மட்பாண்டத் துண்டுகள் மண்ணின் கீழிருந்து வந்தன. அந்நியன் கட்டிய மதில்தான் இத்தனை காலமும் அந்த மண்ணைக் கொத்தவிடாமல் காத்து நின்றிருக்கிறது. கோட்டையைத் தரைமட்டமாக்கிக் கடைத்தொகுதி கட்டியிருந்தால், எங்கள் சொந்தப் பழமைக்கான சான்றும் கூடவே போயிருக்கும்.

2. ஒரு திகதி

இலங்கையில் பழைய கட்டடங்களைக் காப்பதற்கான அடிப்படைச் சட்டம் 1940-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம். பின்னர் சில திருத்தங்கள் வந்தாலும் அடித்தளம் அதுவே. எது புராதனமானது என்பதற்கு அது ஒரு திகதியை வைத்திருக்கிறது: 1815 மார்ச் 2. அதற்கு முற்பட்ட கட்டடமாயின் சட்டத்தின் கண்ணில் இயல்பாகவே புராதனச் சின்னம். பிற்பட்டதாயின் அமைச்சர் தனியாக ஒரு கட்டளை பிறப்பித்து வர்த்தமானியில் அறிவிக்கவேண்டும்.

அன்றைக்கு என்ன நடந்தது? கண்டிப் பிரதானிகளும் ஆங்கிலேயரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கண்டி இராச்சியம் முடிந்தது. கண்டிக்கு அது யுக முடிவு என்பதில் ஐயமில்லை.

யாழ்ப்பாணத்தில் அன்று என்ன முடிந்தது? எதுவுமில்லை. எங்கள் இராச்சியம் முடிந்து கிட்டத்தட்ட இருநூறு வருடங்கள். ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1795-இல். 1815-ஆம் ஆண்டு எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் மட்டும் நடந்த ஒரு சம்பவம். ஆனால் எங்கள் வீடுகளும் பள்ளிகளும் மடங்களும் அந்தத் திகதியைக் கொண்டே அளக்கப்படுகின்றன.

சட்டத்தை எழுதியவர்கள் யாழ்ப்பாணத்துக்குத் தீங்கு நினைத்து எழுதினார்கள் என்று நான் சொல்லவரவில்லை. கோட்டை எங்காவது கீறத்தான் வேண்டும். அது எங்கே கீறப்பட்டது, எங்கள் பக்கத்தில் எவை வெளியே விழுந்தன என்று பார்க்கவேண்டும் என்றே சொல்கிறேன்.

அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது 1816-இல். கோட்டுக்கு ஒரு வருடம் பிந்தி. வட்டுக்கோட்டைச் செமினரி 1823. உடுவில் பெண்கள் பாடசாலை 1824. 'உதயதாரகை' பத்திரிகை 1841. வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலரின் சைவப்பிரகாச வித்தியாசாலை 1848. மானிப்பாயில் வைத்தியர் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலே படிப்பித்தது அதற்கும் பின்னர். மணிக்கூட்டுக் கோபுரம் 1882. அச்சு, பத்திரிகை, பெண்கல்வி, நவீன மருத்துவம், நாவலரின் சைவ எழுச்சி என்று நாம் இன்று எங்கள் பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்லும் யாழ்ப்பாணத்தின் பெரும்பகுதி 1815-க்குப் பிற்பட்டது. ராசாவின் கதையில் நாம் மயங்கி நின்றதனால், உண்மையில் நம்மை ஆக்கிய நூற்றாண்டு கோட்டுக்கு வெளியே கிடப்பதைக் கவனிக்கவில்லை.

பிற்பட்ட கட்டடங்களைச் சேர்க்க வழியே இல்லை என்பதல்ல. சேர்க்கலாம்; சில சேர்க்கப்பட்டும் உள்ளன. ஆனால் அதற்கு ஒருவர் கேட்கவேண்டும். ஆவணம் தேடி, காரணம் எழுதி, திணைக்களத்தின் பின்னால் அலைந்து கேட்கவேண்டும். எங்கள் பகுதியில் அப்படிக் கேட்பதற்கு ஏன் ஆள் குறைவு?

இங்கேதான் அரசியல் வருகிறது. எங்கள் ஊர்களில் தொல்பொருள் திணைக்களத்தின் பெயர்ப்பலகை பலருக்குப் பாதுகாப்பின் அடையாளமாகத் தெரிவதில்லை. நிலம் பறிபோவதன் முன்னறிவித்தலாகவே தெரிகிறது. முல்லைத்தீவுக் குருந்தூர்மலையில் நடந்ததைச் செய்திகளில் பார்த்தோம். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி ஒன்று, பாதுகாப்புச் செயலாளரின் தலைமையில் நியமிக்கப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அந்தச் செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. தோட்டம் கொத்தும்போது பழஞ்செங்கல் தட்டுப்பட்டால் சத்தம்போடாமல் மூடிவிடவேண்டும் என்று என்னிடம் சொன்ன கமக்காரரை நான் சந்தித்திருக்கிறேன். அவரிடம் மரபுரிமை பற்றி விரிவுரை செய்ய எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் இதில் எங்கள் பங்கும் உண்டு. கந்தரோடையில் முருகைக்கல்லால் ஆன சிறிய தூபிகள் நிற்கின்றன. பௌத்தம் என்றால் சிங்களம் என்று அவர்கள் சொல்கிறார்கள். நாங்களும் மனதுக்குள் அதை ஏற்றுக்கொண்டு, அந்த இடத்தைப் பற்றிப் பேசாமல் விடுகிறோம். மணிமேகலையைப் பாடிய மொழி எங்களுடையது. தமிழர் பௌத்தராகவும் இருந்த ஒரு காலம் எங்களுடையது. அதை நாமே கைவிட்டால் மற்றவர் உரிமை கோருவதில் என்ன அதிசயம்?

3. இங்கே எப்படி நடக்கிறது?

தம்பியின் கேள்வியின் மறுபாதி ரொறன்ரோ பற்றியது. இங்கே எப்படிக் காக்கிறார்கள்?

ஒன்ராறியோ மரபுரிமைச் சட்டம் 1975-இல் வந்தது. அதில் கோட்டுத் திகதி இல்லை. ஒரு கட்டடம் எத்தனை வயது என்பதோடு, எதைச் சொல்கிறது என்றும் கேட்கிறார்கள். கட்டடக்கலைச் சிறப்பு, வரலாற்றுத் தொடர்பு, சூழலில் அதன் இடம் என்ற மூன்று தலைப்புகளின் கீழ் ஒன்பது அளவுகோல்கள் 2006-இல் வகுக்கப்பட்டன. அவற்றில் ஒன்று, ஒரு சமூகத்தையோ பண்பாட்டையோ விளங்கிக்கொள்ள உதவும் தகவலை அந்த இடம் தருகிறதா என்பது. ராசா தேவையில்லை. சமூகம் ஒன்று வாழ்ந்திருந்தால் போதும்.

நடைமுறை இரண்டு படிகளில் உள்ளது. முதற்படி, மாநகரசபையின் பதிவேட்டில் பட்டியலிடுதல். பட்டியலில் உள்ள கட்டடத்தை இடிக்க விரும்புகிற சொந்தக்காரர் 60 நாட்களுக்கு முன்னர் அறிவிக்கவேண்டும். இந்த இடைவெளியில் சபை யோசிக்கலாம். அயலவர் கூட்டம் போடலாம். இரண்டாம் படி, சட்டபூர்வமாக மரபுரிமைச் சொத்து எனப் பிரகடனம் செய்தல். அதன் பின்னர் சபையின் அனுமதியின்றி இடிக்கவோ மாற்றவோ முடியாது.

இது ஏதோ தேவலோகச் சட்டம் என்று நினைக்கவேண்டாம். 2005 திருத்தம் வரும்வரை இடிப்பை 180 நாட்கள் பிற்போட மட்டுமே சபைகளால் முடிந்தது. அதுவரை பொறுத்திருந்து இடித்தவர்கள் நிறையப் பேர். 2022-இல் மாகாண அரசு வீடமைப்பைத் துரிதப்படுத்துவதாகச் சொல்லிக் கொண்டுவந்த சட்டம், பட்டியலில் உள்ள கட்டடங்களை இரண்டு வருடங்களுக்குள் பிரகடனம் செய்யாவிட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடவேண்டும் என்றது. மாகாணம் முழுவதும் 36,000 அளவான கட்டடங்கள் இதனால் ஆபத்துக்குள்ளாயின. 2024-இல் அந்தக் கெடு 2027 ஜனவரி 1 வரை நீட்டப்பட்டது. முகப்பை மட்டும் விட்டுவிட்டுப் பின்னால் நாற்பது மாடி எழுப்புவதும் இந்நகரில் 'பாதுகாப்பு' என்றே அழைக்கப்படுகிறது.

வேலைக்குப் போகும் பஸ்ஸில் நான் எக்ளின்ரன் வீதி வழியாகப் போகிறேன். இரண்டாம் உலகப்போரின்போது அவ்வீதியோரம் ஜீக்கோ என்ற வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்தது. 21,000 பேருக்கு மேல் அங்கே வேலை செய்திருக்கிறார்கள், பெரும்பாலோர் பெண்கள். அதன் சில கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. எங்கள் கடைகளுக்குப் போய்வரும் தமிழர்களில் எத்தனை பேர் அதை அறிவார்கள்? தொழிலாளியின் வரலாறு எங்கும் கடைசியாகத்தான் பட்டியலில் ஏறுகிறது என்பதை நான் இந்த வேலைக்கு வந்த பின்னரே உணர்ந்தேன். விரிவுரையாளனாக இருந்தபோது அது எனக்கு ஒரு கருத்து மட்டுமே.

ஆனாலும் இந்நகரில் ஒரு சம்பவம் என்னை மிகவும் பாதித்தது. தோர்ன்ரன் பிளாக்பேர்ன், லூசி என்ற தம்பதியர் அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்தில் அடிமைகளாக இருந்து 1831-இல் தப்பியவர்கள். 1833-இல் டிற்றோயிற்றில் பிடிபட்டபோது கறுப்பின மக்கள் திரண்டு அவர்களை மீட்டார்கள். ஆற்றைக் கடந்து கனடா வந்தார்கள். திருப்பி அனுப்பும்படி அமெரிக்கத் தரப்புக் கேட்டது. இங்கிருந்த நிர்வாகம் மறுத்தது. இந்த நாட்டின் அகதி வரலாற்றில் அது ஒரு மைல்கல். பின்னர் ரொறன்ரோவில் குதிரை வண்டி வாடகைத் தொழில் தொடங்கி, தம்மைப்போல் தப்பி வந்தவர்களுக்கு உதவி, இங்கேயே இறந்தார்கள். இருவருக்கும் எழுத வாசிக்கத் தெரியாது. பிள்ளைகளும் இல்லை. அவர்களுடைய வீடு இடிக்கப்பட்டு அவ்விடத்தில் பள்ளிக்கூடம் வந்துவிட்டது.

1985-இல் அந்தப் பள்ளி முற்றத்தில் அகழ்வு நடந்தது. ஆயிரக்கணக்கான மாணவர்களும் பொதுமக்களும் அதில் கலந்துகொண்டார்கள். நிலவறையின் சுவடு கிடைத்தது. பிறகு கரொலின் ஸ்மார்ட்ஸ் புறொஸ்ற் என்ற ஆய்வாளர் வரிப் பதிவேடுகள், நீதிமன்றக் கட்டுகள், நகர விபரக் கொத்துகள் எல்லாவற்றையும் வருடக்கணக்காகத் தேடி, எழுத்தறியாத அந்த இருவரின் வாழ்க்கையை மீட்டெடுத்தார். 1999-இல் கனடா அவர்களை தேசிய வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தவர்களாக அறிவித்தது.

இதிலிருந்து நான் கற்றது இரண்டு. ஒன்று, கட்டடம் போனாலும் பதிவேடு இருந்தால் மனிதரை மீட்கலாம். வரி அறவிடுவதற்காக எழுதிய சலிப்பூட்டும் தாள்களே கடைசியில் கைகொடுத்தன. எங்களிடமும் அத்தகையவை உண்டு: ஒல்லாந்தர் எழுதுவித்த காணித் தோம்புகள். மற்றது, பதிவேட்டுக்குள் தேடவேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றவேண்டும்.

4. எரிந்தது எது?

யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றி எழுதாமல் இதைக் கடக்கமுடியாது. 1933-இல் க. மு. செல்லப்பா என்ற அன்பர் தன் வீட்டில் புத்தகங்களை வைத்து இரவல் கொடுக்கத் தொடங்கினார். 1934 ஓகஸ்ட் முதலாந் திகதி ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறை ஒன்றில் 844 நூல்களுடன் அது நூலகமாயிற்று. 1959-இல் திறக்கப்பட்ட அழகிய கட்டடம் வரை எல்லாமே ஊர் கூடி இழுத்த தேர். 1981 மே 31 இரவு அது எரிக்கப்பட்டது, 97,000 நூல்கள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. சிறுவர் பகுதியில் இரவல் எடுத்த ஒரு புத்தகம் எங்கள் வீட்டு மேசையில் கிடந்தது. திருப்பிக் கொடுக்க இடம் இல்லாமற் போனது என்பதை விளங்கிக்கொள்ளச் சில நாட்கள் பிடித்தன.

அந்தத் தீயில் யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரேயொரு பிரதி எரிந்துபோயிற்று என்று இங்கு மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. அது பிழை. மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் எழுதிய அந்நூலை 1879-இலேயே பிறிற்றோ ஆங்கிலத்தில் வெளியிட்டுவிட்டார். தமிழிலும் அது அச்சேறியது, குல. சபாநாதனின் பதிப்பு இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. எரிந்தது அதன் ஒரு பிரதி.

இதைச் சொல்வது குற்றத்தைக் குறைப்பதற்காக அல்ல. குற்றம் எங்கே ஆழமானது என்று காட்டுவதற்காக. பலமுறை அச்சாகிய நூல் தப்பும். ஓலைச்சுவடி, ஐம்பது பிரதி அடித்த துண்டுப்பிரசுரம், உள்ளூர்ப் பத்திரிகையின் பழைய கட்டு இவைதான் தீயில் முற்றாகச் செத்துப்போகின்றன. பெரும்பாலும் அவற்றின் பெயரே எமக்குத் தெரியாது. 97,000 என்ற எண்ணை எல்லோரும் சொல்கிறோம். அவற்றில் பத்து நூல்களின் பெயரைச் சொல்லக்கூடியவர் எங்களில் எத்தனை பேர்? தீ வைத்தவன் ஒருவன். ஒரே இடத்தில் ஒரே பிரதியாக வைத்தது நாங்கள்.

5. என் குற்றம்

இப்பகுதியை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன்.

1990-களின் கடைசியில் நான் புதிய விரிவுரையாளன். 1960-களின் தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களில் பங்குபற்றிய முதியவர்களைத் தேடிப்போய் அவர்கள் சொன்னதை எழுதினேன். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957-இல் நிறைவேறிய பின்னரும் தேநீர்க்கடையில் தனிப் பேணியும் போத்தலும் தொடர்ந்தன. 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்தது ஓரளவு பதிவாகியுள்ளது. ஆனால் சிறுசிறு சந்திகளில் நடந்தவை எவரும் எழுதாதவை. ஏழு சீ.ஆர். கொப்பிகள் நிரம்பின.

ஒரு முதியவர் ஒரு கடையைப் பற்றிச் சொன்னார். உள்ளே போய் வாங்கில் இருந்த குற்றத்துக்காகத் தன் தமையனின் கையை அங்கே முறித்தார்கள் என்றார். கடைக்காரரின் பெயரையும் சொன்னார். அது என் அம்மாவின் பெரியப்பா. அவர் அறிந்து சொன்னாரோ அறியாமற் சொன்னாரோ தெரியாது. நான் எழுதிக்கொண்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு முன்னாலேயே போட்டோப்பிரதிக் கடை இருந்தது. ஏழு கொப்பிகளையும் பிரதி எடுக்க ஒரு பின்னேரம் போதும். எடுக்கவில்லை. "நேரமில்லை" என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. இரண்டாவது பிரதி ஒன்று இருந்தால் அது என் கையை விட்டுப் போய்விடும், அம்மா உயிரோடிருக்கும்போதே யாராவது வாசித்துவிடுவார்கள் என்ற பயம். 2006-இல் வெளிக்கிடும்போது கொப்பிகளை வன்னியில் ஓர் உறவினர் வீட்டில் விட்டேன். 2009-இல் அந்த வீடும் இல்லை, கொப்பியும் இல்லை. சொன்ன முதியவரும் இறந்துவிட்டார்.

நூலகத்துக்குத் தீ வைத்தவர்களை நான் நாற்பது வருடங்களாகத் திட்டுகிறேன், திட்டவேண்டியவர்களே. ஆனால் அந்த ஏழு கொப்பிகளையும் ஒற்றைப் பிரதியாக வைத்திருந்தவன் நான். மந்திரிமனைக்கு அழுகிற சமூகம் அந்தக் கடைக்காக அழாது. அந்த வாங்கு எந்தப் பட்டியலிலும் ஏறாது. ஏறக்கூடாது என்று நானே ஒரு காலத்தில் விரும்பியிருக்கிறேன்.

இதே வகையில் இன்னொரு மௌனம். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள், 70,000-க்கும் மேற்பட்டவர்கள். யாழ்ப்பாண நகரில் இரண்டு மணித்தியால அவகாசம். சோனகதெருவின் வீடுகள் ஓடும் கதவும் இழந்து வருடக்கணக்காகக் கிடந்தன. அந்தச் சுவர்களும் யாழ்ப்பாணத்தின் மரபுரிமைதான். 'யாழ்ப்பாண மரபுரிமை' என்று இங்கு அச்சடிக்கப்படும் மலர்களில் நல்லூரும் கோட்டையும் நூலகமும் இருக்கும். அந்தத் தெருவை நான் பார்த்தது குறைவு.

தமக்கு வசதியான திகதியில் கோடு கீறினார்கள் என்று மற்றவர்மேல் குறை சொல்கிறோம். எங்களிடமும் ஒரு 1815 உண்டு.

6. ரொறன்ரோவில் இருந்துகொண்டு என்ன செய்யலாம்?

மந்திரிமனைக்கு நிதி சேர்ப்பது நல்லது. ஆனால் கட்டடத்தைக் காப்பது முதலில் அங்கே வாழ்பவர்களின் வேலை, அவர்களின் உரிமையும்கூட. எந்தக் கல்லை வைக்கலாம் என்று இங்கிருந்து நாம் கட்டளையிடுவது அழகல்ல. இங்கிருந்து நாம் செய்யக்கூடிய வேலை வேறு. நிலமும் கூரையும் வேண்டாத வேலை அது: பிரதி எடுத்தல்.

எங்கள் வீடுகளின் நிலவறைகளில், சூட்கேசுகளில் என்ன இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். முப்பத்தோராம் நாள் நினைவு மலர். எங்கள் வழக்கில் 'கல்வெட்டு'. தேவாரத்துக்கும் ஒப்பாரிக்கும் நடுவே அதில் ஒரு வம்சாவளி இருக்கும். ஊர்ப் பெயர்கள், குளம், பள்ளிக்கூடம், மலாயாவுக்குப் போன பாட்டனார். பிரதேச வரலாற்றுக்கு அதைவிடச் சிறந்த கச்சாப்பொருள் இல்லை. சீதன உறுதி இருக்கும். அதில் காணியின் எல்லைகளும் அயல் காணிக்காரர் பெயர்களும் இருக்கும். பள்ளி ஆண்டுமலர், சங்கக் கணக்குக் கொப்பி, இயக்கங்களின் துண்டுப்பிரசுரம், 1986-இல் நியூபவுண்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 பேரில் ஒருவர் வீட்டுக்கு எழுதிய கடிதம். கிழவர் இறந்த அடுத்த மாதம் பிள்ளைகள் வீட்டை விற்கும்போது இவை கறுப்புப் பைகளில் போய் வீதியோரம் கிடக்கின்றன. தீ வைக்க யாரும் வரவேண்டியதில்லை.

2005-இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் தொண்டர்களின் உழைப்பில் வளர்ந்து இன்று ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களைக் காக்கிறது. நினைவு மலர்களையும் சேர்க்கிறார்கள். கேட்டால் ஏற்றுக்கொள்வார்கள். ஆகவே: ஒன்று, எறிய முன்னர் ஒரு பிரதி. இரண்டு, படத்தின் பின்னால் யார், எங்கே, எப்போது என்று பென்சிலால் எழுதுங்கள். மூன்று, ஒரு நாட்டில் ஒரு பிரதி போதாது. இரண்டு நாடுகளில் வையுங்கள். நான்கு, எந்தத் தாளைப் பார்த்து உங்களுக்குக் கூச்சம் வருகிறதோ அதற்குத்தான் முதலில் பிரதி எடுக்கவேண்டும்.

நாலாவதை ஏற்காதவர்கள் பலர் இருப்பார்கள். "சிங்களவன் கையில் ஆயுதம் கொடுக்கிறாய்" என்பார்கள். விவாதிப்போம். எதிரிக்குப் பயந்து நம்மில் பாதிப்பேரை நாமே அழித்துவிட்டு மீதியை மரபுரிமை என்று எதிரியிடம் எப்படிக் கோருவது என்பதற்கு அவர்கள் பதில் தரட்டும்.

போன மாசிமாதம் முதல், இரவு ஷிஃப்ற் இல்லாத நாட்களில், அந்த ஏழு கொப்பிகளில் நினைவில் நிற்பவற்றைத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன். நினைவிலிருந்து எழுதியது என்று ஒவ்வொரு பக்கத்திலும் குறிப்பிடுகிறேன். மூலத்துக்கு அது ஈடாகாது. இதுவரை நாற்பத்தொரு பக்கம். கடைக்காரரின் பெயரை எழுதியிருக்கிறேன். அம்மா இப்போது இல்லை; இருந்திருந்தால் எழுதியிருப்பேனா என்று கேட்டால் என்னிடம் நேர்மையான பதில் இல்லை. தம்பியிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டாலும் அவனுக்குப் பக்கங்களைப் படமெடுத்துப் பிரதி வைக்கத் தெரியும். மதிய இடைவேளையில் பக்கம் பக்கமாக எடுத்துக்கொண்டிருக்கிறான்.